டியூபா அல்லாத டியூபா: வாக்னரின் இசைக்குழு ஏன் இவ்வளவு பெரிது?

ஜெர்மானிய ஓபரா இசையமைப்பாளர் ரிச்சர்ட் வாக்னர் என்றாலே பேச்சு சத்தத்தில்தான் தொடங்கும். எட்டு ஹார்ன், ஆறு ஹார்ப், பதினெட்டுப் பட்டறைக்கல், அறுபத்து நான்கு தந்தி வாத்தியக்காரர்கள் என்று எண்ணிக்கையை அடுக்கிவிட்டு, ‘காதைக் கிழிக்கும் இசை’ என்று முடித்துவிடுவார்கள். ‘வாக்னர் டியூபா’ என்ற பெயரைக் கேள்விப்பட்டவர்களோ, இருக்கிற டியூபாவை (மிகத் தாழ்ந்த குரலுள்ள பெரிய பித்தளை ஊதுகருவியை) இன்னும் பெரிதாகச் செய்யச் சொன்னார் போலும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டுமே தவறு. இரண்டு தவறும் ஒரே இடத்தில் பிறக்கின்றன: இந்தக் கருவிகளை அவர் எதற்காகக் கேட்டார் என்பதை யாரும் விளக்குவதில்லை.

விளக்கம் கடினமானதல்ல. மேற்கத்திய இசை படித்திருக்க வேண்டியதில்லை. ச, க, ப என்ற மூன்று சுரங்களின் பெயர் தெரிந்தால் போதும்.

வாக்னர் 1813 மே 22 அன்று ஜெர்மனியின் லைப்சிக் நகரில் பிறந்தார்; 1883 பிப்ரவரி 13 அன்று வெனிஸில் இறந்தார். அவருடைய முக்கிய ஓபராக்களை (பாட்டாலேயே கதை சொல்லும் மேடை நாடகங்களை) காலவரிசையில் வைத்தால், ‘ரியென்சி’ (1842), ‘பறக்கும் டச்சுக்காரன்’ (1843), ‘டான்ஹாய்சர்’ (1845), ‘லோஹென்கிரின்’ (1850), ‘டிரிஸ்டானும் இசோல்டேயும்’ (1865), ‘மைஸ்டர்சிங்கர்’ (1868), ‘பார்சிஃபால்’ (1882). இவற்றுக்கு நடுவே, நான்கு ஓபராக்கள் சேர்ந்த ‘நிபெலுங்கனின் மோதிரம்’ முழுமையாக 1876 ஆகஸ்டில் பெய்ராய்ட் நகரில் அரங்கேறியது. ‘ரைன் தங்கம்’, ‘வால்கியூரி’, ‘சீக்ஃப்ரீட்’, ‘தெய்வங்களின் அந்தி’ என்பவை அந்த நான்கு. இந்தக் கட்டுரை பெரும்பாலும் ‘மோதிரம்’ பற்றியதுதான், ஏனென்றால் கருவிகளின் கதை உச்சம் தொடுவது அங்கே.

சுவரும் பெயின்ட்டும்: ஒலிநிறம் என்றால் என்ன

நாதஸ்வரத்தில் ஒரு ச வாசியுங்கள். அதே ச-வைப் புல்லாங்குழலில் வாசியுங்கள். சுருதி ஒன்றுதான், ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு எது எது என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். அந்த வேறுபாட்டுக்குப் பெயர் ஒலிநிறம்.

இனி ஒரு சுரத்துக்குப் பதிலாக ச, க, ப மூன்றையும் ஒரே நேரத்தில் ஒலிக்கவிடுவோம். இதைச் சுரக்கூட்டு என்போம்; கீபோர்டு வாசிப்பவர்கள் கார்ட் என்று சொல்வது இதைத்தான். கீபோர்டில் மூன்று விரலை வைத்தால் முடிந்தது. ஆனால் கிளாரினெட்டோ டிரம்பெட்டோ ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் தரும். மூன்று சுரம் வேண்டுமானால் மூன்று பேர் வேண்டும்.

இங்கேதான் சிக்கல். வீட்டுச் சுவருக்கு வண்ணம் அடிக்கும்போது முக்கால் சுவரில் டப்பா தீர்ந்துபோகிறது. கிட்டத்தட்ட அதே நிறத்தில் வேறு டப்பா வாங்கி மீதியை அடிக்கிறோம். தூரத்திலிருந்து பார்த்தாலும் அந்த இடம் திட்டாகத் தெரியும். வாக்னருக்கு முந்தைய இசைக்குழுக்களில் வழக்கமாகப் புல்லாங்குழல் இரண்டு, ஓபோ இரண்டு, கிளாரினெட் இரண்டு, பஸ்ஸூன் இரண்டு இருக்கும். கிளாரினெட் நிறத்தில் மட்டும் ஒரு சுரக்கூட்டு வேண்டுமென்றால் மூன்றாவது சுரத்தை ஓபோவிடமோ பஸ்ஸூனிடமோ கடன் வாங்க வேண்டும். ஒலியிலும் திட்டு விழும். அந்தத் திட்டையே அழகாக மாற்றிய மேதைகள் உண்டு. மொஸார்ட் அதில் மன்னர். ஆனால் கலப்பில்லாத நிறம் வேண்டுமென்று ஒருவர் நினைத்தால், அவருக்கு ஆள் போதாது.

சுருக்கமாக: ஒரே நிறத்தில் முழுச் சுரக்கூட்டு கேட்க வேண்டுமானால், ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று அல்லது நான்கு கருவிகள் வேண்டும். வாக்னரின் எண்ணிக்கைகளுக்கு அடிப்படை இந்த ஒரு வரிதான்.

எண்ணிக்கையைக் குடும்பமாகப் படிப்பது

‘லோஹென்கிரின்’ ஓபராவில் மரக்காற்றுக் கருவிகள் மும்மூன்றாக வருகின்றன. அதனால் புல்லாங்குழல்கள் மட்டும், கிளாரினெட்கள் மட்டும் என்று தனித்தனியாகச் சுரக்கூட்டு எழுத அவரால் முடிந்தது. அதன் முன்னிசையில் வயலின்கள் எட்டுப் பிரிவாகப் பிரிந்து மிக உயரத்தில் மெல்ல ஒலிக்கும். அத்தனை வயலின்கள் இருந்தும் அந்த இசை மூச்சுவிடுவதுபோலத்தான் கேட்கிறது. ஆள் கூடினால் சத்தம் கூடும் என்ற எண்ணத்துக்கு இதைவிட நல்ல மறுப்பு வேண்டியதில்லை.

‘மோதிரம்’ அடுத்த படி. புல்லாங்குழல் மூன்று, கூடவே அதன் குட்டியான பிக்கோலோ ஒன்று. ஓபோ மூன்று, அதன் தாழ்ந்த குரல் உறவான இங்கிலிஷ் ஹார்ன் ஒன்று (பெயரில்தான் ஹார்ன், உண்மையில் அது நாணல் சீவாளி வைத்த ஓபோ வகை). கிளாரினெட் மூன்று, பாஸ் கிளாரினெட் ஒன்று. டிரம்பெட் மூன்று, பாஸ் டிரம்பெட் ஒன்று. டிராம்போன் மூன்று, கான்ட்ராபாஸ் டிராம்போன் ஒன்று. ஒவ்வொரு வரியிலும் ‘மூன்று, ஒன்று’ திரும்பத் திரும்ப வருவதைக் கவனியுங்கள். மேல்குரல்களுக்கு மூவர், அடிக்குரலுக்கு அதே இனத்தில் ஒருவர். பஸ்ஸூன் மட்டும் மூன்றோடு நிற்கிறது, ஏனென்றால் அதுவே அடிக்குரல்.

ஹார்ன் எட்டு. வாக்னர் டியூபா நான்கு. இரண்டையும் கூட்டிப் பன்னிரண்டு பேர் என்று எழுதுவது பரவலான பிழை. ஆள் எட்டே எட்டுதான். ஐந்தாவது முதல் எட்டாவது வரையுள்ள ஹார்ன்காரர்கள், தேவைப்படும்போது ஹார்னைக் கீழே வைத்துவிட்டு டியூபாவை எடுக்கிறார்கள்.

இத்தனை ஊதுகருவிகளுக்கு எதிரே தந்தி வாத்தியங்கள் மூழ்கிப்போகாமல் இருக்க முதல் வயலின் 16, இரண்டாம் வயலின் 16, வியோலா 12, செல்லோ 12, டபுள் பாஸ் 8 என்று எண்ணிக்கையைக் குறித்தே கொடுத்தார். ஆறு ஹார்ப்புகள் ஒரே வரியைச் சேர்ந்து வாசிப்பதற்காக வைக்கப்பட்டவை அல்ல. ‘ரைன் தங்கம்’ முடிவில் தெய்வங்கள் வானவில் பாலம் ஏறும் இடத்தில் ஆறு ஹார்ப்புக்கும் ஆறு தனி வரிகள் எழுதியிருக்கிறார்.

சிறிய அரங்குகளுக்காக ஆள் குறைத்த பதிப்புகளும் வாசிக்கப்படுகின்றன. அவற்றில் மெட்டு குறைவதில்லை, சத்தமும் பெரிதாகக் குறைவதில்லை. குறைவது நிறத்தின் தூய்மை. நான்காவது ஆளை எடுத்துவிட்டால் அந்தச் சுரத்தை வேறு குடும்பம் வாசிக்கும், சுவரில் திட்டு திரும்ப வந்துவிடும்.

குழாய்க்குள் நடப்பது

வாக்னர் டியூபாவைப் புரிந்துகொள்ள முதலில் ஒரு குழாய் எப்படிப் பாடுகிறது என்று பார்க்க வேண்டும். சங்கு ஊதுவதைப் பார்த்திருப்பீர்கள். சங்கில் சீவாளி இல்லை. ஊதுபவரின் உதடுகள்தான் துடிக்கின்றன, சங்கின் உள்வெளி அந்தத் துடிப்பைப் பெருக்கித் தருகிறது. ஹார்ன், டிரம்பெட், டிராம்போன், டியூபா எல்லாமே இந்த இனம். உதடு படும் கிண்ணம் போன்ற சிறு துண்டை ஊதுவாய் என்போம்.

துளை எதுவும் இல்லாத நீண்ட பித்தளைக் குழாயை ஊதினால் எந்தச் சுரமும் வந்துவிடாது. உதட்டை இறுக்க இறுக்க, குழாய் தன்னிடம் உள்ள சில சுரங்களை மட்டும் வரிசையாகக் கொடுக்கும். அடியில் ச. அடுத்தது மேல் ச. பிறகு ப, ச, க, ப, சற்றே இறங்கிய நி, ச, அதற்கு மேல் ரி, க என்று நெருக்கமாகிக்கொண்டே போகும். இது இயற்கைச் சுர வரிசை. கீழே படிகள் அகலம், மேலே படிகள் நெருக்கம். ஆகவே அடிப்பகுதியில் ஒரு முழு மெட்டு வாசிக்க வழியே இல்லை.

வால்வு வருவதற்கு முந்தைய ஹார்ன்காரர்கள் இரண்டு உபாயங்கள் வைத்திருந்தார்கள். ஒன்று, வலது கையைக் கருவியின் அகன்ற வாய்க்குள் நுழைத்து அடைப்பது. இடைச் சுரங்கள் கிடைக்கும், ஆனால் மூக்கடைத்த குரலில் வரும். மற்றொன்று, குழாயின் நடுவே கூடுதல் வளையம் ஒன்றைச் செருகி, குழாயையே நீளமாக்கி, ச-வை இடம் மாற்றுவது. பாட்டு நடுவே வளையத்தைக் கழற்றி மாட்ட நேரம் வேண்டும். கார்ல் மரியா ஃபான் வேபர் 1821-இல் ‘டெர் ஃப்ரைஷூட்ஸ்’ ஓபராவின் முன்னிசையில் இரண்டு ஹார்னை நான்கு கட்டை சுருதியிலும் (எஃப்) இரண்டை ஒரு கட்டை சுருதியிலும் (சி) வைத்து, ஒரு ஜோடியிடம் இல்லாத சுரத்தை மற்ற ஜோடியிடம் வாங்கிக்கொண்டார். வாக்னர் சிறுவயதிலிருந்தே போற்றிய ஓபரா அது.

வாக்னர் இந்த இயற்கைச் சுர வரிசையையே ஒரு தொடக்கமாக மாற்றியதுதான் ‘ரைன் தங்கம்’ முன்னிசை. 136 தாளக்கட்டுகள், முழுவதும் ஒரே சுரக்கூட்டு, இரண்டரைக் கட்டை சுருதி. டபுள் பாஸ்கள் அடி ச-வைப் பிடித்து நிற்கின்றன. அந்தக் கருவியின் தடித்த தந்தி சாதாரணமாக அவ்வளவு கீழே போகாது என்பதால், சிலர் அதை அரைச் சுரம் தளர்த்திக் கட்டியிருப்பார்கள். ஐந்தாவது தாளக்கட்டில் பஸ்ஸூன்கள் ப சேர்க்கின்றன. தம்புரா கேட்டுப் பழகிய காதுக்கு இது அந்நியமாக இருக்காது. பதினேழாவதில் எட்டாவது ஹார்ன் தொடங்கி, ஏழாவது, ஆறாவது என்று ஒன்றன்பின் ஒன்றாக எட்டும் அதே ஏறுமெட்டை எடுக்கின்றன. அந்த மெட்டு வேறொன்றுமில்லை. குழாய் தானாகக் கொடுக்கும் படிகள்தான். நதி பிறப்பதைக் காட்ட, பித்தளைக் குழாயின் பிறவிச் சுரங்களையே எடுத்துக்கொண்டார். எட்டு ஹார்ன் எதற்கு என்று கேட்பவர்கள் இந்த நான்கு நிமிடத்தை ஒரு முறை கேட்டால் போதும்.

வால்வு: கொடுத்ததும் எடுத்ததும்

வால்வு என்பது குழாயில் உள்ள வாய்க்கால் மடை போன்றது. அழுத்தினால் காற்று ஒரு கூடுதல் வளையம் வழியாகச் சுற்றிவரும். குழாய் நொடியில் நீளமாகும், சுரம் இறங்கும். ஸ்டோல்ட்ஸெல், ப்ளூமெல் என்ற இரண்டு இசைக்கலைஞர்கள் 1818-இல் பிரஷ்யாவில் இதற்குக் காப்புரிமை பெற்றார்கள். பழைய வளைய மாற்றத்தை விரல் நுனியில் கொண்டுவந்தது இது.

கணக்கைப் பார்ப்போம். அரைச் சுரம் (கீபோர்டில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையிலான தூரம்) இறங்க, குழாய் சுமார் 6 சதவீதம் நீள வேண்டும். நான்கு கட்டை ஹார்னின் குழாய் சுமார் 3.7 மீட்டர். அப்படியானால் அரைச் சுரம் இறக்கும் இரண்டாவது வால்வுக்கு 22 சென்டிமீட்டர், முழுச் சுரம் இறக்கும் முதல் வால்வுக்கு 45, ஒன்றரைச் சுரம் இறக்கும் மூன்றாவதுக்கு 70 சென்டிமீட்டர் வளையம் தேவை. தனித்தனியாக அழுத்தினால் எல்லாம் சரி.

மூன்றையும் சேர்த்து அழுத்தினால்? மொத்தம் 137 சென்டிமீட்டர் சேரும். ஆனால் மூன்று முழுச் சுரம் சரியாக இறங்க 153 சென்டிமீட்டர் வேண்டும். 16 சென்டிமீட்டர் பற்றாக்குறை. சுரம் ஏறத்தாழ அரைச் சுரத்தில் பாதி மேலே நின்றுவிடும், காதுக்குப் பளிச்சென்று பிசகாகத் தெரியும். காரணம் எளிது: ஒரு வால்வை அழுத்தியதும் குழாயே நீளமாகிவிட்டது, அதற்கு மேல் ஒவ்வொரு 6 சதவீதமும் பெரிய குழாயின் 6 சதவீதம். வட்டிக்கு வட்டி போலக் கூடுவதை, நிலையான நீளமுள்ள வளையங்களால் ஈடுகட்ட முடியாது. ஹார்ன்காரர் இந்தப் பிசகை உதட்டாலும், கருவியின் வாய்க்குள் இருக்கும் வலது கையாலும் திருத்திக்கொள்கிறார். கையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வாக்னர் வால்வைக் கண்மூடி ஏற்றுக்கொள்ளவில்லை. ‘டான்ஹாய்சர்’ ஓபராவில் இரண்டு ஹார்ன் வால்வு வைத்தவை, இரண்டு பழைய வகை. ‘டிரிஸ்டான்’ இசையேட்டின் முன்குறிப்பில், வால்வால் ஹார்ன் தன் குரலின் அழகையும் சுரங்களை மென்மையாக இணைக்கும் திறனையும் ஓரளவு இழந்தது என்றும், திறமையான கலைஞர்களால் அந்த இழப்பைத் தெரியாமல் செய்துவிட முடியும் என்று கண்டிருக்காவிட்டால் அதைத் தவிர்த்திருப்பேன் என்றும் சொல்கிறார். கருவி விஷயத்தில் அவர் எவ்வளவு நுட்பமாகக் கேட்டார் என்பதற்கு எனக்கு இது பெரிய சான்று.

சுருக்கமாக: வால்வு குழாய்க்கு எல்லாச் சுரமும் கொடுத்தது. பதிலுக்குச் சுருதிப் பிசகையும் குரல் மாற்றத்தையும் கூடவே கொண்டுவந்தது. அவற்றைச் சமாளிப்பது வாசிப்பவரின் வேலை.

சரி, வாக்னர் டியூபா என்பது என்ன?

1853 நவம்பரில் ‘ரைன் தங்கம்’ இசையைத் தொடங்கியபோது வாக்னரிடம் ஒரு வெற்றிடம் இருந்தது. ஹார்னின் குரல் உருண்டையானது, தூரத்துக் காட்டிலிருந்து வருவதுபோன்றது. டிராம்போனின் குரல் நேரானது, விளிம்பு கூர்மையானது. தெய்வங்களின் கோட்டையான வல்ஹல்லாவுக்கு இவை இரண்டும் அல்லாத, இடைப்பட்ட, கல்லும் பொன்னும் கலந்ததுபோன்ற ஒரு கம்பீரம் வேண்டியிருந்தது. இசைக்குழுவில் அந்த நிறம் இல்லை. ஆகவே ஒரு புதிய குடும்பத்தையே கேட்டார்.

கருவியைப் பார்த்தால் நீள்வட்டமாக வளைந்த பித்தளை உடல், மேல்நோக்கிச் சாய்ந்த வாய், நான்கு சுழல் வால்வுகள். ஊதுவாய் டியூபாவினுடையது அல்ல, ஹார்னுடையது. குழாயின் உள்ளகலம் ஹார்னை விட அகலம், டியூபாவை விடக் குறுகல். வாய் ஹார்னைப்போல் அகல விரிவதில்லை. இரண்டு அளவுகள்: ஆறரைக் கட்டையில் (பி ஃபிளாட்) சுமார் 2.7 மீட்டர் குழாயுள்ள டெனார் இரண்டு, நான்கு கட்டையில் (எஃப்) சுமார் 3.7 மீட்டர் குழாயுள்ள பாஸ் இரண்டு. வால்வுகள் இடது கைக்கு, ஹார்னில் இருப்பதுபோலவே. அதனால்தான் ஹார்ன்காரர் விரல் பழக்கத்தை மாற்றாமல் இதை எடுத்து வாசிக்க முடிகிறது. வாசிக்கும் ஆள், ஊதுவாய், கைப்பழக்கம் எல்லாம் ஹார்னைச் சேர்ந்தவை. பெயர் மட்டும் டியூபாவைச் சேர்ந்தது.

இந்த நால்வருக்கும் அடியில் ஒரு கான்ட்ராபாஸ் டியூபா வருகிறது. இதுதான் உண்மையான டியூபா, வாசிப்பவரும் டியூபாக்காரர். மற்ற இசைக்குழுக்களில் டியூபா டிராம்போன்களுக்கு அடிக்குரலாக இருக்கும். ‘மோதிரம்’ இசையில் டிராம்போன்களுக்குத் தனியே கான்ட்ராபாஸ் டிராம்போன் இருப்பதால், டியூபா விடுதலையாகி இந்தப் புதிய குடும்பத்தோடு சேர்கிறது. குடும்பக் கணக்கு இங்கேயும் பிசகவில்லை.

மேடையில் எது தவறிப்போகும்?

வாக்னர் டியூபா சுருதி சேராத கருவி என்று ஒரு கெட்ட பெயர் உண்டு. பெரும்பகுதி நியாயமற்றது. மூன்று காரணங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன.

முதலாவது, கை. ஹார்னில் வலது கை வாய்க்குள் இருந்து சுருதியைத் திருத்தும். டியூபாவின் வாய் மேல்நோக்கி இருப்பதால் அங்கே கைக்கு வேலையில்லை. வால்வுக் கூட்டலில் வரும் பிசகை உதடு மட்டுமே சமாளிக்க வேண்டும். நான்காவது வால்வு இதற்கான உதவி: அது தனியாகவே இரண்டரைச் சுரம் இறக்கும். மூன்று வால்வுகளைக் கூட்டுவதற்குப் பதில் நான்காவதையும் இரண்டாவதையும் அழுத்தினால், பாஸ் அளவில் 137-க்குப் பதில் சுமார் 146 சென்டிமீட்டர் கிடைக்கும். தேவையான 153-க்கு நெருக்கம்.

இரண்டாவது, குளிர். குழாய்க்குள் காற்று குளிர்ந்தால் ஒலியின் வேகம் குறையும், சுருதி இறங்கும். 10 பாகை செல்சியஸ் வேறுபாட்டுக்கு ஏறத்தாழ அரைச் சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு. இருபது நிமிடம் தாங்கியில் கிடந்த டியூபாவை எடுத்தவுடன் மெல்லிய சுரக்கூட்டு ஒன்றைத் தொடங்கச் சொன்னால் நால்வரின் சுருதியும் கீழே விழும். பழகியவர்கள் நுழைவதற்குப் பல தாளக்கட்டுகள் முன்பே கருவியைக் கையில் எடுத்து, சத்தமில்லாமல் வெதுவெதுப்பான மூச்சை உள்ளே செலுத்திக்கொண்டிருப்பார்கள்.

மூன்றாவது, தாள். ‘ரைன் தங்கம்’ ஏட்டில் டியூபாக்களை அவற்றின் சொந்தச் சுருதியில் எழுதிய வாக்னர், பின்வந்த ஓபராக்களில் ஏடு படிக்க வசதியாக வேறு சுருதியில் எழுதினார். வாசிப்பவருக்கான தனித் தாளைப் பழைய சுருதிக்கு மாற்றி எழுத வேண்டும் என்று குறிப்பும் வைத்தார். அந்தக் குறிப்பைக் கவனிக்காத நகலில் நான்கு நல்ல கலைஞர்களும் நான்கு தவறான சுரங்களைத் துல்லியமாக வாசிப்பார்கள்.

எந்த இடங்களில் கேட்பது

இங்கே ஒரு சொல்லை அறிமுகப்படுத்த வேண்டும்: லைட்மோட்டிஃப். ஒரு ஆள், பொருள், எண்ணம் ஆகியவற்றோடு கட்டப்பட்டு, கதை முழுவதும் திரும்ப வரும் சிறு மெட்டு. வாக்னருடைய வாளுக்கு ஒரு மெட்டு, ஈட்டிக்கு ஒரு மெட்டு என்று பட்டியல் போடுவது எளிது. பட்டியல்கள் விட்டுவிடுவது நிறத்தை. வாளின் மெட்டு டிரம்பெட்டின் பளபளப்போடு வருகிறது, தெய்வங்களின் தலைவன் வோட்டானின் ஈட்டி டிராம்போன்களில் படியிறங்குகிறது. மெட்டும் நிறமும் சேர்ந்தால்தான் அடையாளம் முழுமையாகும்.

வாக்னர் டியூபாவை முதன்முதலில் தேட வேண்டிய இடம் ‘ரைன் தங்கம்’ இரண்டாம் காட்சியின் தொடக்கம். விடிகிறது, தூரத்தில் வல்ஹல்லா தெரிகிறது, ஒன்றரைக் கட்டை சுருதியில் டியூபாக்கள் கோட்டையின் மெட்டை எடுக்கின்றன. அங்கே வாக்னர் எழுதிவைத்த சொல்லின் பொருள் ‘மிக மென்மையாக’. முதல்முறை கேட்பவர்கள் பெரிய வெடிப்பை எதிர்பார்த்துக் காத்திருந்து, அது கடந்துபோனதைக் கவனிக்காமல் விட்டுவிடுவதுண்டு.

‘வால்கியூரி’ முதல் அங்கத்தில் ஹுண்டிங் என்ற முரட்டுக் கணவன் வீட்டுக்குள் நுழையும்போது அதே டியூபாக்கள் கரடுமுரடாக, குத்திக்குத்திப் பேசும். இரண்டாம் அங்கத்தில் வோட்டானின் மகளான புரூன்ஹில்டே, கதாநாயகன் சீக்முண்டின் முன் தோன்றி அவனுடைய சாவை அறிவிக்கும் காட்சி வருகிறது. அதன் தொடக்கத்தில் டியூபாக்கள் மூன்று சுரங்களை மெல்ல எழுப்பிவிட்டு நிற்கும், டிம்பனி என்ற பெரிய முரசு அடங்கிய குரலில் பதில் சொல்லும். ஒரே கருவிக் குடும்பம், ஓரிடத்தில் கோட்டை, ஓரிடத்தில் முரடன், ஓரிடத்தில் விதி. என்னைக் கேட்டால், நான்கு ஓபராவில் ஒரே ஒரு இடம் கேட்க நேரம் இருப்பவர்கள் சாவை அறிவிக்கும் இந்தக் காட்சியைக் கேட்க வேண்டும்.

மற்ற தனிக் கருவிகளை வேகமாகப் பார்த்துவிடலாம். ‘ரைன் தங்கத்தில்’ குள்ளர்களின் உலகுக்கு இறங்கும் வழியில் மூன்று அளவுகளில் 18 பட்டறைக்கற்கள் தாளத்தோடு அடிக்கின்றன. ‘டிரிஸ்டான்’ மூன்றாம் அங்கத்தில் இடையனின் சோகக் குழலாக இங்கிலிஷ் ஹார்ன் துணையே இல்லாமல் நீண்ட நேரம் தனித்து ஒலிக்கிறது. ‘பார்சிஃபால்’ கோயில் மணிகளுக்கு நான்கு சுரங்கள் தேவைப்பட்டன. அவ்வளவு தாழ்ந்த சுருதிக்கு உண்மையான மணி வார்த்தால் அரங்கு தாங்காத எடையாகும் என்பதால், பெய்ராய்டின் ஸ்டைன்கிரேபர் பியானோ நிறுவனம் தடித்த தந்திகளைச் சுத்தியலால் அடிக்கும் கருவி ஒன்றைச் செய்துகொடுத்தது.

மூடிய குழி

சத்தம் பற்றிய குற்றச்சாட்டுக்கு வாக்னரே கட்டிக்கொடுத்த பதில் ஒன்று உண்டு. பெய்ராய்ட் விழா அரங்குக்கு 1872 மே 22 அன்று, தன் பிறந்தநாளில், அடிக்கல் நாட்டினார். அங்கே இசைக்குழு அமரும் குழி மேடைக்கு அடியில் படிப்படியாக இறங்கிப்போகிறது. மேல் படிகளில் வயலின்கள், கீழே போகப்போக மரக்காற்றுக் கருவிகள், அடியில் பித்தளையும் தாளக் கருவிகளும். குழிக்கு மேலே வளைந்த கூரை மூடி. பார்வையாளருக்கு இசைக்குழுவும் தெரியாது, நடத்துநரும் தெரியமாட்டார்.

ஒலி நேராக நம்மிடம் வருவதில்லை. குழிக்குள் மோதி, மேடைப் பக்கம் எழும்பி, பாடகரின் குரலோடு கலந்து, பிறகுதான் அரங்குக்குள் வருகிறது. எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ அவ்வளவு கூர்மை மழுங்கும். அதனால் பித்தளைக் கருவிகள் முழு மூச்சோடு ஊதினாலும் பாடகரின் சொற்கள் கேட்கும். சாதாரண அரங்கில் அதே ஏட்டை அதே பலத்தில் வாசித்தால் பாடகர் மூழ்கிப்போவார். ‘வாக்னர் என்றால் இரைச்சல்’ என்ற அனுபவம் பெரும்பாலும் இப்படித் திறந்த குழியில், நடத்துநர் கட்டுப்படுத்தத் தவறிய மாலைகளில் பிறந்தது.

இந்த அமைப்புக்கும் விலை உண்டு. முதல் வயலின்கள் வழக்கத்துக்கு மாறாக நடத்துநரின் வலப்பக்கம் அமர்கின்றன. குழிக்குள் இருப்பவர்களுக்குப் பக்கத்துக் கருவி காதை அடைக்கும், மேடையில் பாடுவது சரியாகக் கேட்காது. நடத்துநருக்கும் இசைக்குழு உரக்க, பாடகர் மங்கலாக. தன் காதுக்குச் சரியாகச் சேர்த்தால் அரங்கில் இருப்பவர்களுக்கு இசைக்குழு பின்தங்கிக் கேட்கும். முதல்முறை அங்கே நடத்துபவர், தன் காதை நம்பாமல் அரங்கில் உட்கார்ந்து கேட்கும் உதவியாளரின் சொல்லை நம்பக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சுருக்கமாக: ‘மோதிரம்’ ஏட்டில் உள்ள எண்ணிக்கைகள் இந்த மூடியோடு சேர்த்துப் படிக்க வேண்டியவை. மூடியை எடுத்துவிட்டால் சமநிலையை வேறு வழியில் உண்டாக்க வேண்டும்.

அதன் பிறகு அந்தக் கருவி

வாக்னருக்குப் பின் அந்த நான்கு டியூபாக்களையும் எடுத்துக்கொண்டவர்கள் அதிகம் இல்லை. ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் ‘எலெக்ட்ரா’வில் வைத்தார். ஸ்ட்ராவின்ஸ்கி ‘வசந்தச் சடங்கில்’ இரண்டைப் பயன்படுத்தினார். ஆனால் கருவியை உள்ளபடியே புரிந்துகொண்டவர் ஆன்டன் புருக்னர்தான். ஓபராவே எழுதாதவர், வாக்னரைத் தெய்வமாக மதித்தவர்.

1883-இன் தொடக்கத்தில் அவர் ஏழாவது சிம்பொனியின் மெதுவான பகுதியை எழுதிக்கொண்டிருந்தார். வாக்னர் உயிரோடிருந்தார், ஆனால் நீண்ட நாள் இருக்கமாட்டார் என்ற எண்ணம் புருக்னருக்கு வந்துவிட்டிருந்தது. அந்தப் பகுதியை நான்கு வாக்னர் டியூபாக்களையும் கான்ட்ராபாஸ் டியூபாவையும் வைத்தே தொடங்கினார். பிப்ரவரியில் வெனிஸிலிருந்து செய்தி வந்தது. அதன்பின் எழுதிச் சேர்த்த முடிவுப் பகுதியில் டியூபாக்கள் தனியே பேசுகின்றன. கொஞ்ச நேரத்தில் ஹார்ன்கள் மேலே வெடித்து அழுகின்றன. பிறகு எல்லாம் தணிந்து ஒரு மேஜர் சுரக்கூட்டில் அமர்கிறது. 1884 டிசம்பர் 30 அன்று, வாக்னர் பிறந்த லைப்சிக் நகரில், ஆர்தர் நிகிஷ் அந்தச் சிம்பொனியை முதன்முதலில் நடத்தினார்.